வெலிங்டன் போன பிள்ளை

ஏப்ரல் 23, 2025

பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமில் இன்று யாருக்கும் கை ஓடவில்லை. நேற்று பஹல்காமில் சுற்றுலா வந்தவர்களைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். 26 பேர். கைபேசியில் வரும் செய்தியை யாராவது வாசித்துக்கொண்டே இருந்தார்கள். நானும் தாள்கட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசை டீச்சர் மெதுவாகக் கேட்டார்: "உங்க பையன் அடுத்த வாரம் போறானில்லைங்க? கொஞ்சம் தள்ளிப்போட முடியாதுங்களா?"

முடியாது. 29-ஆம் தேதி காலை கோவை ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் நிற்க வேண்டும். அங்கிருந்து வெலிங்டன், மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம். மே முதல் தேதி பயிற்சி தொடங்குகிறது. தள்ளிப்போட வழி இருந்தாலும் அவன் சம்மதிக்க மாட்டான்.

வீட்டுக்கு வந்தபோது தறிக்குடோனில் இருந்தான். கூலி உயர்வு கேட்டு மார்ச் மாதம் நிறுத்திய தறிகள் மறுபடி ஓடுகின்றன. சத்தத்துக்கு நடுவே என் முகத்தைப் பார்த்தவன் வெளியே வந்தான். "அம்மா, போகாதேன்னு சொல்லப் போறீங்களா?" என்றான். சொல்லவில்லை. அவன் திரும்பி உள்ளே போய், அறுந்த இழையைப் பிணைக்க ஆரம்பித்தான்.

ஏப்ரல் 25

இரவு எல்லாச் சான்றுகளையும் ஒரு கோப்பில் அடுக்கினோம். இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, நடத்தைச் சான்று, மணமாகாதவர் என்பதற்கு ஒரு சான்று. இவன் சேர்வது நாலு வருடச் சிப்பாயாக, அக்னிவீரனாக. அந்த நாலு வருடம் முடிகிறவரை கல்யாணம் கூடாது.

சம்பள விவரத்தை அவன் அப்பா சத்தமாகப் படித்தார். முதல் வருடம் மாதம் 30,000. அதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் போக, கைக்கு 21,000. பிடிக்கிற அளவுக்கு அரசும் போடுகிறது. நாலாம் வருடம் 40,000. முடிவில் வட்டியோடு 11 லட்சத்து 71 ஆயிரம் அளவுக்குக் கிடைக்கும். ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லை. நாலு வருடத்துக்குப் பிறகு நூற்றுக்கு 25 பேர் வரை படையில் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டும்.

அதற்குக் கீழே காப்பீடு: 48 லட்சம். நாமினி என்ற இடத்தில் என் பெயர். பிள்ளையின் உயிருக்கு நேராக ஒரு தொகையும், அதன் பக்கத்தில் தாயின் பெயரும் இருக்கிற தாள் அது. அதை ஒருமுறைக்கு மேல் படிக்க என்னால் ஆகவில்லை. இந்தத் தாளை வாங்கிப் படித்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாய் இதே இடத்தில் நின்றிருப்பாள். ஓமலூரிலோ சத்தியிலோ கம்பத்திலோ இருக்கும் அவர்களை எனக்குத் தெரியாது. ஆனாலும் இன்றிரவு என் மனசெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையிலிருந்து ஒறம்பரை. எங்கள் பக்கம் ஒருவன் ஊரைவிட்டுப் போகிறான் என்றால் பெரியவர்கள் வந்து திருநீறு பூசிவிட்டுத்தான் போவார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "உங்களுக்கு என்னுங்க குறைச்சல்? தறி இருக்குது, படிச்ச பையன். தறி ஓட்ட ஆளில்லாம பீகார்ல இருந்து கூட்டிட்டு வர்றோம். நம்ம பையனைப் பட்டாளத்துக்கு அனுப்பறதா?"

அன்பினால் கேட்கிறார்கள் என்பது தெரியும். கோபம் வரவில்லை, வருத்தம் வந்தது. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஒரு கிராமம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்புவதால் அதை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அங்கே இந்தக் கேள்வியை யாரும் கேட்கமாட்டார்கள். நம் ஊரில் மில், பனியன் கம்பெனி, பம்புசெட்டுப் பட்டறை, தறி, தோட்டம் என்று உட்கார்ந்த இடத்திலேயே பிழைப்பு இருந்தது. அதனால் பட்டாளத்துக்குப் போவதென்றால் வேறு வழியில்லாதவன் போவது என்று நினைத்துவிட்டோம்.

எனக்கு இது பொறுக்காமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. இதே ஊர்களில்தான் பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மாரைக் கும்பிடுகிறோம். உடுக்கை அடித்து அவர்கள் கதையைப் பாடும்போது விடிய விடிய உட்கார்ந்து கேட்கிறோம். படுகளம் விழும் ராத்திரியில் ஊரே அழுகிறது. சண்டைக்குப் போய் உயிர்விட்ட இரண்டு பிள்ளைகளுக்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிற நாம், உயிரோடு கிளம்புகிற பிள்ளையைப் பார்த்து "என்ன குறைச்சல்" என்று கேட்கலாமா?

வந்தவர்களுக்கு மாமியார்தான் பதில் சொன்னார். "குறைச்சல்னு போகலைங்க. அவனுக்குப் பிரியம், போறான்." அதற்குமேல் யாரும் பேசவில்லை. பிரியம் என்றால் என்னவென்று நான் சில வருடமாகப் பார்த்தவள். இருட்டோடு எழுந்து சாமளாபுரம் குளத்துக் கரையில் ஓடுவான். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண், 60. கம்பியைப் பிடித்துப் பத்து முறை உடம்பை மேலே தூக்கினால் 40. எழுத்துத் தேர்வு, ஓட்டம், மருத்துவச் சோதனை என்று ஒவ்வொன்றாகக் கடந்து வந்தான். ஐந்து நிமிடம் நாற்பது நொடியில் நின்றுபோன காலமெல்லாம் உண்டு. அப்போது தறிக்குடோன் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருப்பான். வேறு வழி இல்லாதவன் ஓடுகிற ஓட்டமில்லை அது.

ஏப்ரல் 29, இரவு

காலை நாலு மணிக்கே எழுந்துவிட்டோம். இட்லி, கச்சாயம் இரண்டும் கட்டினேன். கச்சாயத்தை உள்ளே விடுவார்களா என்று தெரியாமலே கட்டினேன். பெட்டியில் பூட்டு, பனியன், சவரப் பொருட்கள், ஷூ பாலீஷ், நாலு பேனா. தெருக்கோடியில் இருக்கிற முன்னாள் ராணுவ வீரர், ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், நேற்று வந்து பெட்டியைத் திறந்து பார்த்துப் பாதியை வெளியே எடுத்து வைத்தார். "அங்கே எல்லாம் குடுப்பாங்கம்மா. பையன் வெறுங்கையோட போனாலும் பரவால்லை, மனசு கெட்டியா போகணும்" என்றார். கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள், அவர்கள் விடுகிற நேரத்தில்தான் பேசமுடியும், முதல் மாதம் அழைப்பு வராவிட்டால் பயப்படக் கூடாது என்று எங்களை உட்காரவைத்துச் சொன்னார். அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்குக் கிடைத்த பயிற்சி. வேறு யாரும் எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை.

அலுவலகத்து வாசலில் நிறையப் பிள்ளைகள். ஈரோடு, நாமக்கல், தர்மபுரி, திண்டுக்கல், தேனி என்று எங்கெங்கோ இருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். சிலரோடு குடும்பமே வந்திருந்தது, சிலர் தனியாக. பக்கத்தில் நின்ற ஒரு பையனின் அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

கூப்பிட்டதும் அவன் அப்பா காலில் விழுந்தான். அடுத்து என் காலில். "போயிட்டு வர்றனுங்மா" என்றான். "சரி சாமி, நல்லபடியா போயிட்டு வா" என்றேன். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்து எப்போதும் உரக்கப் பேசுகிறவர் அவன் அப்பா. அவர் வாயைத் திறக்கவேயில்லை. எங்கள் ஊரான சோமனூர் வந்து சேர்கிறவரை திறக்கவில்லை.

மே 1

இந்நேரம் வெலிங்டனில் இருப்பான். மேட்டுப்பாளையம், கல்லாறு, பர்லியாறு, குன்னூர் என்று அந்த மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவும் எங்களுக்குத் தெரியும். ஊட்டி மலர்க் காட்சிக்கு எத்தனை முறை அந்த வழியில் போயிருக்கிறோம். குன்னூர் தாண்டியதும் ராணுவக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே போவோம். ஜகதளா என்று இருந்த இடத்துக்கு ஆங்கிலேயர்கள் வெலிங்டன் என்று பெயர் வைத்தார்கள். இன்று ஜெனரல் ஸ்ரீநாகேஷ் பெயரில் அழைக்கப்படும் அந்தப் பழைய பாரக்ஸில்தான் 1947 முதல் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் இருக்கிறது. 1758-இல் தொடங்கும் வரலாறு அந்த ரெஜிமெண்டுக்கு. இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவு அது. "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பது அவர்களுடைய போர் முழக்கம். அதை அவன் பள்ளிக்கூட நாளிலிருந்தே சொல்லித் திரிந்தான்.

இதே வெலிங்டனுக்கு வரத்தான் 2021 டிசம்பரில் சூலூரிலிருந்து ஜெனரல் பிபின் ராவத்தின் ஹெலிகாப்டர் கிளம்பியது. குன்னூர் அருகே விழுந்ததில் பதினான்கு பேர் போனார்கள். அன்று தொலைக்காட்சியைவிட்டு அவன் நகரவில்லை. அந்த வருடம்தான் அவன் ஓட ஆரம்பித்தது என்று இப்போது நினைவுக்கு வருகிறது.

காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச்சேர்கிற தூரம். ஆனால் போக முடியாது. காஷ்மீரில் இருந்தால் தூரம் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். வீட்டு மாடியிலிருந்து வடமேற்கே தெரிகிற மலையில் பிள்ளை இருக்கிறான், பார்க்க முடியாது என்பதை எப்படித் தேற்றுவது?

மே 7

விடியற்காலையில், பஹல்காமுக்குப் பதிலடியாக ஆபரேஷன் சிந்தூர் என்று செய்தி. மாமியார் தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னார். பயிற்சியில் இருக்கிற பிள்ளைகளை எல்லைக்கு அனுப்பமாட்டார்கள் என்று ஹவில்தார் அண்ணன் வந்து சொல்லிவிட்டுப் போனார். பயிற்சி முடிந்தவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே என்று நினைத்தேன். இன்றைக்கு எல்லையில் நிற்கிறவர்களில் 2023-இல் சேர்ந்த அக்னிவீரர்களும் இருப்பார்கள்.

மே 11, ஞாயிறு

நேற்று மாலை சண்டை நின்றது. இன்று அவன் பேசினான். ஐந்து நிமிடம் இருக்காது. முடியை ஒட்ட வெட்டிவிட்டார்களாம். குளிர் பழகிவிட்டதாம். பயிற்சி தரும் உஸ்தாத் கத்துவார், ஆனால் நல்லவராம். பக்கத்துக் கட்டிலில் கேரளத்துப் பையன், அந்தப் பக்கம் ஆந்திரா. "அழுதீங்களாம்மா?" என்றான். "ஆமாம் கண்ணு" என்றேன். "நானும் ரெண்டு நாள் அழுதனுங்மா, இப்ப இல்லை" என்றான். அவன் அப்பா அப்போதுதான் பேசினார்: "தறி நல்லா ஓடுதுப்பா. நீ அங்க நல்லா இரு."

ஒன்றை எழுதிவைக்க வேண்டும். நாலு வருடச் சிப்பாய் என்று இவனுக்குத் தனியாக ஒரு துப்பாக்கிக்குண்டு இல்லை. எல்லையில் குளிர் அவனுக்கு மட்டும் குறைத்து அடிக்காது. பிரிவும் எங்களுக்குக் காலே அரைக்கால் என்று வரவில்லை, முழுதாகத்தான் வந்தது. எனவே நூற்றில் 25 என்ற அளவை உயர்த்த வேண்டும். வெளியே வருகிறவர்களுக்கு மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 சதவீத இடம் என்று 2022-இலேயே அறிவித்தார்கள். அந்த இடங்கள் எவ்வளவு நிரம்புகின்றன என்பதைப் பெற்றவர்களுக்குத் தெரியும்படி வெளியிட வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போன முதல் அணி 2027 தொடக்கத்தில் திரும்பும். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதில், ஒழுங்கும் உழைப்பும் பழகிய பிள்ளைகள் வருவார்கள். மில் வைத்திருப்பவர்கள், பனியன் கம்பெனி, பவுண்டரி வைத்திருப்பவர்கள் அவர்களுக்கு இப்போதே இடம் ஒதுக்கி வையுங்கள். காவலாளி வேலை மட்டும் போதாது. மேற்பார்வை, தொழிற்பயிற்சி, கணக்கு என்று தகுதிக்கேற்ற இடம் வேண்டும். உங்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளை கிளம்பினால், முதல் வாரமே அந்த வீட்டுக்குப் போய்ச் சித்த நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். என்ன குறைச்சல் என்று மட்டும் கேட்காதீர்கள்.