எண் பொறித்த பிளாக்

ஆடி 3, சனி

சான் ஸ்டார்மின் எஞ்சின் போய்விட்டது. நேற்று முதல் ஆடி வெள்ளி. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, கிணத்துக்கடவு தாண்டியதும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் வெடித்தது. ஓரங்கட்டுவதற்குள் கூலன்ட் மொத்தமும் ரோட்டில் கொட்டி, எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இன்று காலை கணபதி பட்டறைக்கு இழுத்து வந்தோம். மெக்கானிக் அண்ணன் கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டுத் திருப்பினார். கால் சுற்று போய்ச் சிக்கி நின்றுவிட்டது.

"சீஸ் ஆயிருச்சுங்க. பிரிச்சாத்தான் முழுசாத் தெரியும். ஹெட்டு எப்படியும் வளைஞ்சிருக்கும்."

வெளியூர்க்காரர்கள் இந்த வண்டியைப் பார்த்து எந்த நாட்டுக் கார் என்று கேட்பார்கள். இந்தியக் கார்தான். 1990-களின் இறுதியில் சான் மோட்டார்ஸ் கொண்டுவந்த இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். கூரையைக் கழற்றலாம், உடம்பு ஃபைபர் கிளாஸ். உள்ளே ரெனோவின் 1149 சிசி எஞ்சின், ஏறக்குறைய 60 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் அது சின்ன எண்தான். ஆனால் வண்டி தாழ்வாகவும் எடை குறைவாகவும் இருப்பதால், ஆழியாறு தாண்டி வால்பாறை மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் அது திரும்பும் விதம், இருமடங்கு திறனுள்ள கார்களில் எனக்குக் கிடைத்ததில்லை. செய்ததே கொஞ்சம் வண்டிகள். எஞ்சின் போனால் ஷோரூமில் போய்க் கேட்க வழியில்லை.

ஆடி 6, செவ்வாய்

ஹெட்டைக் கழற்றினார்கள். பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மெக்கானிக் அண்ணன் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மேலே குறுக்காக ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தினார். அந்தப் பக்கம் டார்ச் அடிக்கச் சொன்னார். இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. ஃபீலர் கேஜை எடுத்து மெல்லிய தகட்டிலிருந்து ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். 0.20 மில்லிமீட்டர் தகடு தடையில்லாமல் போய் வந்தது. இந்த மாதிரி அலுமினிய ஹெட்டில் 0.05-க்கு மேல் போனாலே தேய்த்துச் சமன் செய்ய வேண்டும்.

ஆனால் என்னைக் கலங்க வைத்தது மூன்றாவது சிலிண்டரின் உள்துளை, பட்டறை மொழியில் போர். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக நீளக் கோடுகள். பிஸ்டனின் அலுமினியம் உருகி வார்ப்பிரும்பில் ஒட்டி, பிறகு பிய்த்துக்கொண்டு போன தடம். அண்ணன் ஆள்காட்டி விரல் நகத்தைக் குறுக்காக ஓட்டினார். "நகம் தட்டுதுங்க. ஹோனிங் பண்ணி ஒப்பேத்த முடியாது." என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நகம் நன்றாகவே தட்டியது.

கிராங்க் தப்பித்துவிட்டது. பேரிங்குகளில் தேய்மானம் இருக்கிறது, கீறல் இல்லை. இன்று கேட்ட ஒரே நல்ல சேதி இதுதான்.

ஆடி 8, வியாழன். அமாவாசை

பட்டறையில் பூஜை. லேத்துக்கும் டிரில்லுக்கும் பொட்டு வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்தார்கள். வேலை கிடையாது என்பதால் எல்லோரும் உட்கார்ந்து பேச நேரம் கிடைத்தது. மெக்கானிக் அண்ணனின் மகள் கல்லூரி முடித்து மோட்டார் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் இருக்கிறாள். அவளும் வந்திருந்தாள்.

நான்கு வழிகள் பேச்சில் வந்தன. முதலாவது மாருதி எஞ்சின். ஸ்விஃப்டின் 1.2 லிட்டர் எஞ்சினை கியர் பாக்ஸோடு சேர்த்து உட்கார வைப்பது. திறன் 80 குதிரைக்கு மேல், முழுக்க அலுமினியம் என்பதால் எடையும் குறைவு, சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும். பட்டறையின் இளைஞர்கள் அத்தனை பேருக்கும் இதுதான் ஆசை. இரண்டாவது, வெளிநாட்டிலிருந்து இதே ரெனோ எஞ்சினைப் பழையதாக வாங்கிப் போடுவது. ட்விங்கோ, கிளியோ என்று ஐரோப்பா முழுவதும் இந்த எஞ்சின் ஓடியிருக்கிறது. மூன்றாவது, அவள் சொன்னது.

"சித்தப்பா, எலக்ட்ரிக்கா மாத்திரலாம். கோயமுத்தூர்ல இருந்துக்கிட்டு மோட்டாருக்கு எங்க போறதுன்னு யோசிக்கலாமா?"

அவள் கேட்டதில் நியாயம் உண்டு. நாட்டின் முதல் மின் மோட்டார்களில் ஒன்றை 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் சேர்ந்து செய்தது இந்த ஊரில்தான். பம்ப்செட்டும் ஃபவுண்டரியும் லேத் பட்டறைகளும் நிறைந்த ஊர் இது. ஆனால் கார்களை மின்சாரத்துக்கு மாற்றும் கிட் அந்தந்த மாடலுக்கென்று சோதனை முடித்து அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும். விரல்விட்டு எண்ணுமளவு மிஞ்சியிருக்கும் ஒரு காருக்கு யார் கிட் செய்து, யார் சோதனைக்கு அனுப்புவார்கள்? அதோடு, எடை குறைவு என்பதற்காகவே பிறந்த வண்டியில் பேட்டரி மூட்டையை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அவளிடம் இரண்டையும் சொன்னேன். முதல் காரணத்தை ஒத்துக்கொண்டாள், இரண்டாவதை இல்லை.

நான்காவது, இருக்கிற பிளாக்கையே மீட்பது.

ஆடி 11, ஞாயிறு

காலையில் செட்டிப்பாளையம் பக்கம் ஒரு வேலை. கரி மோட்டார் ஸ்பீட்வே வழியாகப் போனேன். உள்ளே ஏதோ பயிற்சி, சுவருக்கு அப்பால் எஞ்சின் சத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டது.

சுந்தரம் கரிவரதனின் பெயரில் நிற்கும் பந்தயத் தடம் அது. எஞ்சின் மாற்றுவதைப் பற்றி யோசிக்கும் யாரும் இந்த ஊரில் அவரைத் தாண்டிப் போக முடியாது. ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் என்றால் பணக்காரர்களின் இறக்குமதிப் பொருள் என்று இருந்த காலத்தில், மாருதி 800-இன் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். தெருமுனைக் கடையில் சாமான் கிடைக்கும் எஞ்சின். காலையில் வெடித்தால் மாலைக்குள் வேறொன்றை ஏற்றிவிடலாம். ஓர் எளிய எஞ்சினைத் தேர்ந்ததன் மூலம் ஒரு தலைமுறைக்கே பந்தயத்தைத் திறந்துவிட்டார். நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது இந்த வகைக் காரைத்தான். 1995-இல் சிறு விமான விபத்தில் கரி இறந்தபோது அவருக்கு வயது 41. பத்து ஆண்டுகள் கழித்து நரேன் ஃபார்முலா 1-க்குள் போன முதல் இந்தியர் ஆனார்.

கரியின் வழியில் பார்த்தால் நான் மாருதி எஞ்சினைத்தான் போட வேண்டும். இந்த எண்ணம் இரண்டு நாளாக என்னை விடவில்லை. ஆனால் அவர் செய்ததை இன்னும் கிட்ட வைத்துப் பார்க்கிறேன். அவர் எஞ்சினை முதலில் முடிவு செய்துவிட்டு, அதைச் சுற்றிக் காரைக் கட்டினார். சட்டகம், பிரேக், எடைப் பங்கீடு எல்லாம் அந்த எஞ்சினுக்கென்று அளவெடுத்தவை. கட்டி முடித்த காரில் வேறு எஞ்சினை நுழைப்பது வேறு வேலை. நரேன் 2005-இல் ஓட்டிய ஜோர்டான் அணியே அதற்குச் சாட்சி. முந்தைய ஆண்டு வரை ஃபோர்டு எஞ்சின், அந்த ஆண்டு டொயோட்டா. பெரிய தொழிற்கூடம் வைத்திருந்த அவர்களுக்கே காரின் பின்பாதியைப் புது எஞ்சினுக்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது.

நம் கம்பெனிகளும் எஞ்சின் மாற்றியிருக்கின்றன. பிரீமியர் 118 என்.இ. காரில் ஃபியட் உடம்புக்குள் நிசான் எஞ்சின் ஓடியது. அம்பாசிடருக்குள் இசுசு எஞ்சின் வந்தது. அவை நன்றாகவே ஓடின. கம்பெனி மாற்றும்போது மவுண்ட், டிரைவ் ஷாஃப்ட், வயரிங், கூலிங் எல்லாவற்றையும் புதிதாக வரைந்து, சோதித்து, அதற்கென்று அங்கீகாரம் வாங்குகிறது. என் காரில் 60 குதிரைக்கென்று அளவெடுத்த பிரேக்கும் ஃபைபர் உடம்பும் அப்படியே இருக்க, முன்னால் மட்டும் 80 ஏறும். நேர் ரோட்டில் சந்தோஷமாக இருக்கும். மலையிறக்கத்தில் என்ன ஆகும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

ஆடி 14, புதன்

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். மோர் கொடுத்து உட்கார வைத்து, ஆர்.சி. புத்தகத்தை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"தம்பி, இதுல ரெண்டு நம்பர் இருக்குது. சேஸிஸ் நம்பரு ஒண்ணு, எஞ்சின் நம்பரு ஒண்ணு. ரெண்டும் சேந்தாத்தான் இந்த வண்டி. அந்த எஞ்சின் நம்பர் எங்க அடிச்சிருக்குதுன்னு பாத்தீங்களா?"

பிளாக்கில் என்றேன்.

"அப்ப பிளாக்க விட்றாதீங்க."

பிறகு விளக்கினார். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. தயாரித்த கம்பெனி முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. எஞ்சினை மாற்றினால் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். பத்துக்குக் குறையாமல் பஸ்ஸோ லாரியோ வைத்திருப்பவர்களுக்குச் சட்டம் ஒரு சலுகை கொடுக்க இடம் வைத்திருக்கிறது, அதுவும் அதே மேக், அதே டைப் எஞ்சினுக்கு மட்டும். 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இன்னும் இறுக்கிச் சொல்லிவிட்டது. ரெனோவுக்குப் பதில் மாருதி என்றால் பிரேக் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட வழியே இல்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கையை விரிக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பழைய எஞ்சின் அதே மேக், அதே டைப்தான். ஆனால் நம்பர் வேறு. வாங்கிய பில், சுங்கத் தாள், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்ற விவரம் எல்லாம் கேட்பார்கள். அதைவிட எனக்குப் பெரிய தயக்கம், அந்த எஞ்சின் எங்கே எப்படி ஓடியது என்று தெரியாது. பிரித்துப் பார்க்காமல் ஏற்ற மாட்டேன். பிரித்துப் பார்ப்பதென்றால் என் கையில் ஏற்கெனவே பிரித்துக் கிடக்கும் எஞ்சின் ஒன்று இருக்கிறதே.

திரும்பும் வழியில் உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் கேட்டுப் பார்த்தேன். லோகன் எஞ்சின் இருக்கிறது என்றார்கள். அதுவும் ரெனோதான், 1.4 லிட்டர். ஆனால் குடும்பமே வேறு. ஹெட்டிலிருந்து மவுண்ட் வரை எதுவும் சேராது.

ஆடி 19, திங்கள்

ஆடிப்பெருக்கு நேற்று முடிந்தது. இனி வேலையைத் தொடங்கலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். முடிவும் எடுத்தாயிற்று. பிளாக் இதே பிளாக்தான்.

காலையில் அதை ஆட்டோவில் ஏற்றி, குறிச்சி சிட்கோ பக்கம் உள்ள போரிங் பட்டறைக்குக் கொண்டுபோனோம். எழுபதைத் தொட்ட ஐயா ஒருவர் நடத்துகிறார். பேச்சு குறைவு. டயல் போர் கேஜை ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இறக்கி மேல், நடு, அடி என்று மூன்று உயரத்தில் நெடுக்கும் குறுக்குமாக அளந்து, சாக்பீஸால் பிளாக்கின் மேலேயே எழுதிக்கொண்டே போனார். கம்பெனி அளவு 69 மில்லிமீட்டர். மூன்றாவதில் கோணல் அதிகம். மற்ற மூன்றிலும் தேய்மானம்தான்.

"மூணாவதுக்கு மட்டும் போட்டா எஞ்சின் ஒரே மாதிரி ஓடாதுங்க. நாலுக்கும் ஸ்லீவ் போட்டு பழைய அளவுக்கே கொண்டாந்தர்லாம். பிஸ்டன் ஒரிஜினல் சைஸே வாங்கிக்கலாம்."

எனக்கு வேண்டியதும் அதுதான். ஓவர்சைஸ் பிஸ்டனைத் தேடி அலைய வேண்டாம். வழக்கமான அளவில் பிஸ்டன், ரிங், கேஸ்கெட் செட், டைமிங் பெல்ட் எல்லாம் ஐரோப்பாவில் இன்னும் விற்பனையில் இருக்கின்றன, கூரியரில் வரவழைக்கலாம். ஸ்லீவுக்கு வெளியூர் போகவே தேவையில்லை. சிலிண்டருக்குள் இறக்கும் வார்ப்பிரும்புக் குழாயான ஸ்லீவை வார்த்து, கடைந்து, அளவுக்குக் கொடுக்க இந்த ஊரில் ஆள் இருக்கிறது. ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் காசு சேர்த்து வாங்கிப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றுக்கொண்ட ஜி.டி. நாயுடு, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். ரிப்பேர் செய்ய ஆள் கிடைக்காத காலத்தில் ஓடிய பஸ் அது. தானே செய்துகொள்ளும் அந்தப் பழக்கம் இன்னும் இந்தப் பட்டறைகளின் கையில் இருக்கிறது. எங்கேயோ செய்த புது எஞ்சினைவிட இந்தக் கைகள் மீட்ட பழைய எஞ்சினை நான் நம்புகிறேன்.

ஹெட்டை நாளை பீளமேட்டில் ஒரு சோதனைக்கூடத்துக்கு எடுத்துப் போகிறேன். சூடேறிய அலுமினியம் மென்மையாகிப் போயிருந்தால், தேய்த்துச் சமன் செய்தும் பயனில்லை. போல்ட்டை இறுக்கும்போது அழுந்திவிடும். கடினத்தன்மை சரியாக இருந்தால் சமன் செய்வோம். இல்லையென்றால் ஹெட்டையும் வெளியிலிருந்து வாங்க வேண்டும். அதில் எஞ்சின் நம்பர் இல்லை என்பதால் ஆர்.சி.யில் கை வைக்க வேண்டியதில்லை.

மொத்தச் செலவு ஒரு லட்சத்தை ஒட்டி வரும். மாருதி எஞ்சினைப் பழையதாக வாங்கி ஏற்றியிருந்தால் இதைவிடக் குறைவாகவே முடிந்திருக்கும் என்று மெக்கானிக் அண்ணன் நேர்மையாகச் சொன்னார்.

ஹோஸ்கள் அத்தனையும் புதிது போடுகிறோம். ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே அடைப்பு பார்க்க வேண்டும். கூலன்ட் மட்டம் குறைந்தாலே டேஷ்போர்டில் சிவப்பு விளக்கும் பஸ்ஸரும் வரும்படி ஒரு சென்சார் வைக்கச் சொல்லியிருக்கிறேன். வெப்ப முள் மட்டும் போதாது. கூலன்ட் கொட்டிப்போன பிறகு அந்த முள்ளுக்கான சென்சார் வெறும் காற்றில் நின்றுகொண்டு சரியான சூட்டைக் காட்டாது.

போரிங் பட்டறை சீட்டில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: நாலு ஸ்லீவ், ஃபினிஷ் போர் 69 ஸ்டாண்டர்டு. பிஸ்டன் கைக்கு வந்து, நாலையும் மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே கடைசி ஹோனிங். ஐயா படித்துவிட்டு, அடியில் தன் கையெழுத்தில் "எஞ்சின் நம்பர் மேல் பெயின்ட் அடிக்க வேண்டாம்" என்று சேர்த்துக்கொண்டார்.