விதை உள்ள இடம்

சென்னையின் தென்புறத்துள்ள குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலை. ஆலையின் பெயரைத் தாங்கினும், அவ்வூரைச் சூழ ஒரு காலத்தில் உழவே மிகுந்திருந்தது. சிட்லபாக்கம், செம்பாக்கம், நெமிலிச்சேரி முதலிய ஏரிகள் தத்தம் கீழிருந்த கழனிகளுக்கு நீரூட்டின. கழனியில் நெல் விளைந்தால் தூக்கணாங்குருவிக்கு அழைப்பு வேண்டுமோ?

இக்குருவியைத் தூங்கணங்குரீஇ எனக் குறுந்தொகை கூறும். பனையில் அது தொடுத்த கூட்டையும் கூறும். கூட்டின் அழகை வியவாதார் இலர். அக்கூடு எப்பொழுது தோன்றுகின்றது என்று நோக்குவாரோ சிலரே. மழை பெய்து, புல்லும் நெல்லும் ஓங்கிய பின்னரே ஆண்குருவி கூடு முடையத் தொடங்கும். நீண்ட பசுந்தாளிலிருந்து கிழித்தெடுத்த நாரே அதற்கு வேண்டும் பொருள். குஞ்சு பொரிக்கும் நாளில் வயலிற் பூச்சிகள் மலிந்திருக்கும். பால்பிடித்த மணியும் கிடைக்கும். இரண்டும் குஞ்சுக்கு உணவாம். பருவம் முடிந்ததும் கூடுகள் வெறுமையாய் ஆட, குருவிகள் கூட்டங்கூட்டமாய்ச் சிந்திய நெல்லும் புல்விதையும் உள்ள இடத்தை நாடிச் செல்லும். கடல் கடக்கும் வலசை அன்று அது. விதையின் பின்னே செல்லும் சிறு பெயர்ச்சியே.

இதனினும் வியப்பான பெயர்ச்சி ஒன்று குளிர்நாடுகளில் உண்டு. ஆங்குள்ள ஊசியிலை மரங்கள் செதில் செதிலான காய்களை ஈனும். அச்செதில்களை விலக்கி உள்ளிருக்கும் விதையைக் கவர்வதற்கென்றே, அலகின் இரு நுனியும் கத்தரிக்கோல் போல் மாறிக் கிடக்கும் குருவியொன்று அக்காடுகளில் வாழ்கின்றது. நம் இமயமலையிலும் இஃது உண்டு. விதை மிகுந்திருப்பின், பனி மூடிய குளிர்காலத்திலும் இது கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். ஆனால் அம்மரங்கள் ஆண்டுதோறும் ஒரே அளவாய்க் காய்ப்பன அல்ல. ஓராண்டு கொழிக்கக் காய்த்துப் பின்னர்ச் சில ஆண்டுகள் பொய்த்துவிடும். பெருகிய கூட்டத்திற்கு விதை போதாதபொழுது, அது காட்டை விட்டுத் தொலைநாடுகளிற் சென்று இறங்கும். 1251ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆப்பிள் தோட்டங்களில் இக்குருவிகள் வந்து பழத்தைப் பிளந்து விதையை மட்டும் தின்றதை மாத்தியூ பாரிசு என்னும் துறவி எழுதி வைத்துள்ளார். சதையைத் தொடாது விதையையே தேர்ந்தமை, அவற்றை விரட்டிய பசி எதற்கானது என்பதைக் காட்டுகின்றது அன்றோ?

காடு மீண்டும் காய்த்தால் அக்குருவி மீளும். குரோம்பேட்டையின் நிலை வேறு. ஏரிக்குக் கீழிருந்த வயல்கள் வீதிகளாயின. பனையொன்று எஞ்சி நின்றாலும், நார் கிழிக்கப் பசுந்தாள் இன்றேல் கூடு ஏது? வடகிழக்கு மழைக்குப் பின், வீடு எழும்பாத மனைகளிற் புல் முற்றி விதை பிடிக்கும். அங்கே சில்லை என்னும் சிறுகுருவிகள் வந்து, புல்லின் தாளைப் பற்றித் தொங்கி, விதையை உருவித் தின்னும். அம்மனையில் கடைகால் தோண்டும் நாள்வரை அவை வரும்.