வடகாட்டுப் பலாச்சுளை அப்பம்

கோடை லீவு விட்டதும் புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி வழியாக வடகாட்டுக்கு பஸ் ஏறிவிடுவோம். அது என் புகுந்த ஊர். செம்மண் பூமி. வடகாடு, கீரமங்கலம் பக்கமெல்லாம் பலாவுக்குப் பேர் போனவை. பேரன் பேத்திகள் கூடும் நாளில் என் மாமியார் பலாச்சுளை அப்பம் சுடுவார்.

2018 நவம்பரில் வந்த கஜா புயல், கொல்லையில் நின்ற பெரிய மரத்தைச் சாய்த்துவிட்டது. பிறகு நான் சந்தையில் பழம் வாங்கிப் போனாலும் அத்தை சட்டி வைக்கவில்லை. "நம்ம மரம் காய்க்கட்டும் தாயி" என்பார். மறு வருஷம் ஒட்டுக்கன்று நட்டோம். போன வைகாசியில்தான் முதல் பழம் பழுத்தது!

செய்முறை இதுதான். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, 20 சுளைகளைக் கொட்டை நீக்கி இரண்டாகக் கீறுங்கள். 1 டம்ளர் கோதுமை மாவு, 2 ஸ்பூன் அரிசி மாவு, கரைத்து வடிகட்டிய அரை டம்ளர் வெல்லம், ஏலப்பொடி, சிட்டிகை உப்பு சேர்த்து, பஜ்ஜி மாவு பதத்தில் கரையுங்கள். சுளையைத் தோய்த்துக் கடலை எண்ணெயில் நிதானமான தீயில் சுட்டெடுங்கள். தீ கூடினால் வெல்லம் கருகிவிடும்.

அத்தைக்கு இப்போது கை நடுக்கம். "நீ சுடு, நான் பதம் சொல்றேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முதல் அப்பத்தைத் தின்றுவிட்டு, "பழைய மரத்து ருசி வரல. ஆனாலும் நம்ம மரமில்லையா!" என்றபடி இன்னொன்றுக்குக் கை நீட்டினார்.