முதலை தலைமை வகித்த கலாசாலை

பாரிஸ் பட்டணத்துக்குப் போகிறவர்கள் ஈபெல் கோபுரத்தின் மேல் ஏறிப் பார்ப்பார்கள். லூவர் மாளிகையில் மோனா லிஸாவின் முன்னால் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கழுத்தை நீட்டுவார்கள். அறிவு வேட்கை சற்று அதிகமுள்ளவர்கள் ஸார்போன் சர்வகலாசாலையின் வாசல் வரையில் போய்த் திரும்புவார்கள். நான் இந்த மூன்றையும் மறுநாளைக்கு ஒத்திப் போட்டுவிட்டு, வகுப்பறையே இல்லாத ஒரு கலாசாலையைத் தேடிக்கொண்டு புறப்பட்டேன். அதற்குக் காரணம் என் தமக்கை.

நான் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முதல் நாள் அவள் மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்தாள். கையில் பளபளவென்று ஒரு விளம்பரத் தாள். அவளுடைய பிள்ளைக்கு இரண்டே வருஷத்தில் பட்டம் தருவதாக ஒரு கலாசாலை அதில் வாக்களித்திருந்தது. வகுப்புக்கு வரவேண்டியதில்லை, பரீட்சையைப் பற்றியும் கவலை வேண்டாம்.

"அங்கீகாரம் ஒன்றுதான் பாக்கியாம், தம்பி. இதோ வந்துவிடும் என்கிறார்கள். இந்த வளையலை அடகு வைத்தால் முதல் தவணை கட்டிவிடலாம். நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டாள்.

"பாரிஸிலிருந்து எழுதுகிறேன், அக்கா. அதுவரையில் வளையல் கையிலேயே இருக்கட்டும்" என்றேன்.

அங்கீகாரமில்லாத கலாசாலை என்றதும், எப்போதோ படித்த பாரிஸ் கலாசாலை ஒன்று என் நினைவுக்கு வந்தது. பட்டம் வழங்குவதற்கு அதற்கும் சர்க்கார் அங்கீகாரம் கிடையாது. அது அங்கீகாரம் தேடிப் போகவும் இல்லை. அதன் பெயர் 'பதாபிஸீக் கலாசாலை'.

ஸேன் நதிக்குத் தெற்கே, ஓதியோன் தெரு என்று ஓர் அமைதியான தெரு இருக்கிறது. அதில் 7ஆம் எண் வீட்டில் ஒரு காலத்தில் அத்ரியேன் மொன்னியே என்ற அம்மையார் புத்தகக் கடை வைத்திருந்தார். எதிர்ச் சாரியில் 12ஆம் எண்ணில் இருந்த ஆங்கிலப் புத்தகக் கடைதான், 1922ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' நாவலை வெளியிட்டுப் புகழ் பெற்றது. 1940ஆம் ஆண்டில் ஜெர்மானியப் படை பாரிஸுக்குள் நுழைந்தது. மறு வருஷம் அந்த ஆங்கிலக் கடை மூடப்பட்டது. மொன்னியே அம்மையாரின் கடை பிழைத்தது. யுத்தம் முடிந்து மூன்று வருஷம் கழித்து, 1948ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் தேதி, அந்தக் கடையில்தான் நமது கலாசாலை பிறந்தது.

பதாபிஸீக் என்றால் என்ன? பௌதிகத்துக்கு அப்பால் உள்ளது தத்துவம். அந்தத் தத்துவத்துக்கும் அப்பால் உள்ளது பதாபிஸீக்! கற்பனையான தீர்வுகளை ஆராயும் விஞ்ஞானம் அது. பொது விதிகளில் அதற்கு அக்கறை இல்லை. விதிவிலக்குகள்தான் அதற்கு விதி. கல்லை எறிந்தால் பூமியை நோக்கி விழுகிறது என்று மற்றவர்கள் சொல்லட்டும். வெற்றிடம் மேல் நோக்கி ஏறுகிறது என்று ஏன் சொல்லக்கூடாது என்பது இந்த சாஸ்திரத்தின் கேள்வி.

இதைக் கண்டுபிடித்தவர் ஆல்பிரெட் ஜாரி. அவர் குடியிருந்த இடம், ஓதியோன் தெருவிலிருந்து ஸான் ஸுல்பீஸ் கோயில் வழியாகச் சிறிது தூரம் நடந்தால் வரும் கஸெத் தெருவில் 7ஆம் எண் வீடு. வீட்டுக்காரர் மாடியைக் குறுக்கே இரண்டாகப் பிளந்து வாடகைக்கு விட்டிருந்தாராம். ஆகையால் ஜாரியின் ஜாகை மூன்றரையாவது மாடி! அவர் குள்ளமானவர், நிமிர்ந்து நடந்தார். பார்க்க வந்தவர்கள் குனிந்துதான் நிற்க வேண்டும். எவ்வளவு பெரிய மனிதரையும் தலை குனிய வைத்த அந்த வீட்டைத் தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரு கும்பிடும் போட்டேன்.

ஜாரி பிறந்தது 1873ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி. ரென் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் பௌதிக உபாத்தியாயரைப் பரிகசித்துப் பையன்கள் நாடகம் எழுதினார்கள். அந்தப் பரிகாசத்தை வளர்த்து ஜாரி அமைத்த 'உபு ராஜா' நாடகம் 1896ஆம் ஆண்டு டிசம்பரில் பாரிஸில் அரங்கேறியது. முதல் வார்த்தையிலேயே சபையில் பெரிய அமளி. போஸ்திரோல் என்ற டாக்டரைப் பற்றி அவர் எழுதிய நூலில்தான் பதாபிஸீக் முழுமையாக விளக்கப்படுகிறது. அந்த டாக்டர் பிறக்கும்போதே அவருக்கு வயது அறுபத்து மூன்று. பாரிஸிலிருந்து பாரிஸுக்கே அவர் யாத்திரை செய்கிறார்; ஏறிச் செல்லும் ஓடம் ஒரு சல்லடை. கடைசியில் கடவுளின் பரப்பளவைக் கணக்கிட்டும் காட்டுகிறார். ஜாரி 1907ஆம் ஆண்டில், முப்பத்து நான்கு வயதில் காலமானார். நூல் 1911ஆம் ஆண்டில்தான் அச்சேறியது.

கலாசாலையின் நிரந்தரத் தலைவர் இந்த இல்லாத போஸ்திரோல்தான். அவருக்குக் கீழே உபதலைவர், அதற்குக் கீழே 'சாத்ராப்' என்று பாரசீக மாகாண அதிபதிகளின் பட்டம் தாங்கிய பெரியோர்கள், இன்னும் எத்தனையோ பதவிகள். கலாசாலைக்குத் தனிப் பஞ்சாங்கமும் உண்டு. ஜாரி பிறந்த நாளில் சகாப்தம் தொடங்குகிறது. வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். மாதத்துக்கு இருபத்தொன்பது நாள். ஆனால் இருபத்தொன்பதாவது நாள் பெரும்பாலும் கற்பனை. பதின்மூன்றாம் தேதி எப்போதும் வெள்ளிக்கிழமையில்தான் வரும். அந்தச் சேர்க்கையைக் கண்டு ஐரோப்பியர்கள் நடுங்குவது, நாம் ராகு காலத்தைக் கண்டு நடுங்குவதற்குச் சற்றும் குறைந்ததல்ல. 2000ஆம் ஆண்டில் உபதலைவராக வந்தவரோ லுதெம்பி என்னும் முதலை!

இவ்வளவும் வேலையற்றவர்களின் வீண் வேலை என்று வாசகர்கள் நினைக்கலாம். மோன்மார்த்ர் பகுதிக்குப் போகும் வரையில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அங்கே 'மூலன் ரூஜ்' நடன சாலையின் சிவப்புக் காற்றாடிக்குப் பக்கத்தில் ஸித்தே வேரோன் என்று ஒரு முட்டுச் சந்து இருக்கிறது. அதில் எழுத்தாளர் போரிஸ் வியான், 1959ஆம் ஆண்டில் காலமாகும் வரையில் குடியிருந்தார். பக்கத்து வீட்டில் கவிஞர் ழாக் பிரெவேர். இருவருக்கும் பொதுவான மொட்டை மாடிக்கு 'மூன்று சாத்ராப்களின் மாடி' என்று பெயர். மூன்றாவது சாத்ராப் யார் என்கிறீர்களா? பிரெவேரின் நாய்.

ஆனால் இந்த வியான், பிரான்ஸின் மிகக் கடினமான கலாசாலைகளுள் ஒன்றில் படித்துத் தேறிய இஞ்சினீயர். இன்னோர் அங்கத்தினரான ரேமோன் கெனோ கணிதத்தில் தோய்ந்தவர். பெரிய கலைக்களஞ்சியம் ஒன்றைப் பதிப்பித்தவர். 1960ஆம் ஆண்டில் கலாசாலையின் ஓர் உபகமிட்டியாகத் தொடங்கிய 'ஊலிப்போ' குழுவில், கெனோ பத்துப் பாடல்களை அடி அடியாக நறுக்கிக் கோடியைக் கோடியால் பெருக்கிய அளவு பாடல்களாக்கிக் காட்டினார். அதே குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் பெரெக், பிரெஞ்சில் மிகுதியாக வழங்கும் 'ஈ' என்னும் எழுத்தே வராமல் 1969ஆம் ஆண்டில் ஒரு முழு நாவலை எழுதினார். நமக்கு இது புதிதா? உதடு ஒட்டாமல் பாடும் நிரோட்டகமும், திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்றும் தமிழில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உண்டு. விளையாட்டுக்கும் வித்வத் வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த விஷயந்தானே?

அந்தச் சந்தில் நின்றபோது எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. யுத்தத்துக்கு முன்னால் ஜெர்மனியில் சர்க்கார் அங்கீகாரம் பெற்ற சர்வகலாசாலைகளில், கறுப்பு அங்கி அணிந்த பேராசிரியர்கள் 'இன விஞ்ஞானம்' போதித்தார்கள். அதில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதன் பலனை உலகம் கண்டது. அந்த நெருப்பு அணைந்த சில வருஷங்களுக்குள், ஆடம்பரப் பட்டங்களையெல்லாம் வேடிக்கையாக்கி ஒரு கலாசாலை எழுந்தது வெறும் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அப்படியானால் அங்கீகாரத்தை வைத்துக் கலாசாலையை எடை போட முடியாதா? நம் தேச சரித்திரத்தையே பாருங்கள். 1920ஆம் ஆண்டில் காந்தி மகான் ஆமதாபாத்தில் குஜராத் வித்யாபீடத்தை ஸ்தாபித்தபோது, அந்நிய சர்க்காரின் அங்கீகாரத்தை வேண்டாமென்று தள்ளினார். 1921ஆம் ஆண்டில் தோன்றிய கவி தாகூரின் விசுவபாரதி, 1951ஆம் ஆண்டில்தான் சட்டப்படி சர்வகலாசாலை ஆயிற்று. அங்கே சேர்ந்த இளைஞர்களுக்கு, இந்தப் பட்டம் சர்க்கார் உத்தியோகம் வாங்கித் தராது என்பது தெரியும். தெரிந்தே சேர்ந்தார்கள்; கல்வியைப் பெற்றார்கள்.

சுயராஜ்யம் வந்தபின் நிலைமை வேறு. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையாக ஏற்பட்ட சர்வகலாசாலைகளே பட்டம் வழங்கலாம். போலிகளின் பெயர்களைப் பல்கலைக்கழக மானியக் குழு பட்டியலிட்டு வெளியிடுகிறது. அந்தச் சட்டம் நம்மவர்கள், நம் குழந்தைகளுக்காகச் செய்தது.

அன்றிரவே தமக்கைக்கு எழுதினேன்:

"அக்கா, இங்கே முதலையைத் தலைவராக்கிய கலாசாலை ஒன்று இருக்கிறது. நாய்க்கும் அதில் பட்டம் உண்டு. ஆனால் அது, 'எங்களால் யாதொரு பிரயோஜனமும் இல்லை' என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. உன் விளம்பரக்காரர்கள் அதைக் கடைசியில்தான் சொல்வார்கள். வித்யாபீடம் பொய் சொல்லாமல் கல்வியைக் கொடுத்தது. பாரிஸ்காரர்கள் பொய் சொல்லாமல் சிரிப்பைக் கொடுக்கிறார்கள். இவர்கள் கொடுப்பது இரண்டுமல்ல. மானியக் குழுவின் பட்டியலைப் பார்க்கச் சொல். பிள்ளை மூன்று வருஷம் படித்தே பட்டம் வாங்கட்டும். வளையல் உன் கையில்தான் இருக்கிறதல்லவா?"

நான் ஊர் திரும்பியபோது தமக்கை காபி கொண்டுவந்து வைத்தாள். வளையல் சத்தம் கேட்டது. சத்தம் எனக்குத் திருப்தியாக இருந்தது.