அத்தையாகவே இருப்பது

பிரான்சிஸ் சவேரியார் 1545-ல் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கிவிட்டு மலாக்காவுக்குக் கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டு அம்போன் தீவிலிருந்து நண்பர்களுக்கு எழுதும்போது, அவர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து கையெழுத்துகளை மட்டும் வெட்டியெடுத்துத் தம்மோடு வைத்திருப்பதாகச் சொல்கிறார். ஐரோப்பாவுக்குத் திரும்பி வரச்சொல்லி இயேசு சபைத் தலைவர் இஞ்ஞாசியார் அவருக்குக் கடிதம் எழுதியது 1553 ஜூனில். சவேரியார் 1552 டிசம்பரிலேயே சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்துபோயிருந்தார். மறைபணிக்கு வெளிநாடு போவதென்றால் உறவை அறுத்துக்கொண்டு போவது என்று நினைக்கும் இளம் சகோதரிகளுக்கு இந்த இரண்டு கடிதங்களைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.

எங்கள் ஊர் மாமல்லபுரம் பக்கத்துக் கோவளம். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் கடல் தொழில். அம்மா கூடை சுமந்து மீன் விற்றவள். நான் செவிலியர் படித்த துறவி. தான்சானியாவின் உள்நாட்டில், தொடோமா பக்கத்துச் சிற்றூர் மருந்தகம் ஒன்றில் வேலை. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடும். எந்த நேரத்தில் கூப்பிட்டால் வீட்டார் நிதானமாக இருப்பார்கள் என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலை. விடியலில் அண்ணன் கடலில் இருப்பார். பத்து மணிக்கு மீன் ஏலம். ராத்திரி அம்மா ஜெபமாலை முடித்ததும் படுத்துவிடுவாள். பிற்பகல் மூன்று மணிக்கு வலையை விரித்துப் போட்டுக் கிழிசல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அப்போது பகல் பன்னிரண்டரை, நோயாளிகள் கூட்டம் சற்று ஓயும் நேரம். போனைப் படகில் சாய்த்து வைத்துவிட்டு, கைவேலையை நிறுத்தாமல் பேசுவார்கள். அப்படிப் பேசும்போதுதான் மனதில் இருப்பது வெளியே வருகிறது.

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் பதில் வரும். ஆகவே நான் அதைக் கேட்பதில்லை. “தண்ணி எப்படி ஓடுதுண்ணே, வண்ணியா தெண்டியா?” என்று கடல் நீரோட்டத்தைக் கேட்டுத் தொடங்குவேன். “தெண்டி. நெத்திலி வருது, விலைதான் இல்ல” என்பார். நெத்திலி விலையிலிருந்து இன்ஜின் கடனுக்கும், அங்கிருந்து மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும், அண்ணியின் சர்க்கரைக்கும் பேச்சு தானாகப் போய்விடும். என் ஊழியத்தைப் பற்றி நான்கு வாக்கியம் சொன்னால் போதும். மீதி நேரம் அவர்களுடையது.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. துறவியாகித் தொலைவுக்குப் போன பெண்ணை வீடு மெல்ல மெல்லச் சுவரில் மாட்டிய படமாக ஆக்கிவிடும். மரியாதை கூடும், பேச்சு குறையும். விடுமுறையில் வந்த ஒரு சமயம் அண்ணன் மகன் என்னை “வாங்க சிஸ்டர்” என்றான். “அத்தைன்னு கூப்பிடுடா” என்றேன். பிறகு அவனுடைய கணக்கு மதிப்பெண்ணைக் கேட்டுத் திட்டினேன். திட்டும் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டால் உறவில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

படத்துக்கு யாரும் கெட்ட செய்தி சொல்வதில்லை. “அங்க தனியா இருக்கிற புள்ளைக்கு எதுக்குக் கவலை” என்று அப்பாவின் முதல் நெஞ்சுவலியை என்னிடம் மறைத்தார்கள். எங்கள் சகோதரிகளும் மலேரியாவில் கிடந்துகொண்டே “சுகமா இருக்கேம்மா” என்பார்கள். இரண்டு பக்கமும் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் ஒருமுறை மறைத்தது தெரிந்துவிட்டால், அதன்பின் வரும் ஒவ்வொரு ‘நல்லா இருக்கோம்’ மீதும் சந்தேகம் விழுகிறது. கெட்ட செய்தி அன்றன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று எங்கள் கரை முழுவதும் காலையில் சுனாமி அலை ஏறியபோது எங்களுக்குத் தான்சானியாவில் விடிந்துகொண்டிருந்தது. கரையில் இருந்த யாருடைய போனும் கிடைக்கவில்லை. செங்கல்பட்டில் இருந்த சித்தப்பா வீட்டுத் தொலைபேசி மட்டும் ஒலித்தது. அவர்தான் பைக்கில் போய் ஒவ்வொருவராகத் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அதே அலை இந்துமாக்கடலைக் கடந்து, அன்றைக்கே தான்சானியாவின் தார் எஸ் சலாம் கரையிலும் உயிர்களைக் கொண்டுபோனது. கடலோரத்துப் பிள்ளைகள் வெளிநாடு போகும்போது, கரையில் இல்லாத உறவினர் ஒருவரிடம் எல்லோருடைய எண்களையும் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறேன். செல்பேசி கைக்குக் கை வந்துவிட்ட இந்தக் காலத்திலும் சொல்கிறேன். புயலில் முதலில் சாய்வது கரையோரத்துக் கோபுரங்கள்தான்.

நண்பர்களைத் தக்கவைப்பது வீட்டைவிடக் கடினம். அம்மாவுக்கு என்னை மறக்க வழியில்லை, தோழிக்கு உண்டு. செங்கல்பட்டில் ஆசிரியையாக இருக்கும் என் பள்ளித் தோழிக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் அனுப்புகிறேன். அவள் பஸ்ஸில் போகும்போது கேட்டுவிட்டு, கண்டக்டர் சத்தத்தோடேயே பதில் அனுப்புவாள். உடனே பதில் வராவிட்டால் இருவரும் வருத்தப்படுவதில்லை. ஒரு காலத்தில் நீல ஏரோகிராமுக்கு வாரக்கணக்கில் காத்திருந்த பழக்கம் இதில் கைகொடுக்கிறது.

நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் சுற்றுமடல் வேறு, வீட்டுக்கு எழுதும் கடிதம் வேறு. அதே மடலை அம்மாவுக்கும் அனுப்பிவிடும் வழக்கம் எங்களில் பலருக்கு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நோயாளிகளின் படங்களைக் குடும்பக் குழுவில் போடுவதிலும் இல்லை. அவர்கள் நம்மிடம் வந்தது மருந்துக்காக.

வீட்டுக்கு என்ன எழுதுவது என்று தொழுநோய்ப் பயிற்சிக்காகச் செங்கல்பட்டுத் திருமணிக்குப் போயிருந்தபோது கற்றுக்கொண்டேன். அங்கிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு 1947-ல் தொழுநோய் மருத்துவர் காக்ரேனைப் பார்க்க வந்தவர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் கைகளுக்கான அறுவை மருத்துவத்தில் அவர் இறங்க அந்த வருகைதான் காரணம். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-ல் தந்தை ஜெஸ்ஸி கொல்லிமலையில் காய்ச்சலில் இறந்த செய்தி தந்தியில் உடனே போய்விட்டது. அதற்கு முன் அவர் எழுதிப்போட்ட கடிதம் கப்பலில் பின்னால் போய்ச் சேர்ந்தது. பிள்ளைக்கு அவர் மலையில் கண்ணால் கண்டவற்றை எழுதினார். நானும் இப்போது அப்படியே எழுதுகிறேன்: மழைக்குப் பின் முளைத்த சோளம், பக்கத்து வீட்டு ஆடு, சமையலறையில் கொதிக்கும் கீரை.

இளம் சகோதரிகள் தினமும் வீடியோவில் வீட்டோடு இருந்தால் மனம் பணியிடத்தில் ஊன்றாது என்று எங்கள் மூத்தவர்கள் கவலைப்படுகிறார்கள். சுவாஹிலி நாவில் பழகும் முதல் சில மாதங்களுக்கு அழைப்புகளைக் கட்டுப்படுத்துவது சரியென்றே நானும் நினைக்கிறேன். அதற்கு மேல் நீட்டுவது தேவையில்லை. அங்குள்ள பெண்கள் என்னிடம் முதலில் விசாரிப்பதே அம்மாவைப் பற்றித்தான். அதற்குப் பதில் சொல்ல அம்மாவிடம் நேற்றோ முந்தாநாளோ பேசியிருக்க வேண்டும்.