கடலோரத்தில் இருந்துகொண்டே கரை தேடினோம்

திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறவள், நாலு நாள் கடற்கரையில் தங்குவதற்கு வாடகை வீடு தேடினாள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். என் தங்கையும் சிரித்தாள். "ஏங்க்கா, வாசலைத் திறந்தா கடல்தானே உங்களுக்கு?" என்றாள்.

கடல் இருக்கிறது, கரைதான் இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலையைத் தாண்டினால் நெடுகக் கருங்கல் கொட்டியிருக்கிறது. கடலுக்குள் நீட்டிக் கல் கட்டிய இடங்களில் கொஞ்சம் மணல் சேர்ந்திருந்தாலும், அங்கே மீனவர்களின் படகும் வலையும் இருக்கும். அவர்களுக்கே இடம் போதவில்லை, நாம் போய் பாய் விரிக்க முடியுமா? முதுகுக்குப் பின்னால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும்.

என் மாமியாருக்கு எழுபத்தேழு வயது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், கரைவலை இழுக்கிறதைப் பார்க்க சாயங்காலம் மணலில் நடந்து போவார்களாம். "கால் புதையும்மா, நடக்கவே முடியாது" என்பார். அந்த மணல் எங்கே போயிற்று என்று என் மகன்தான் படித்துச் சொன்னான். நம் கடலோரத்தில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்குமாம். 1875-ல் சென்னைத் துறைமுகத்துக்குக் கல் போட ஆரம்பித்ததும் அது குறுக்கே மறித்துக்கொண்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கி எங்கள் பக்கம் வரை கடல் அரித்துக்கொண்டே வந்தது. "அப்ப மெரினாவிலே கிடக்கறது நம்ம மணல்தானா?" என்று மாமியார் கேட்டதற்கு எங்கள் வீட்டில் யாரிடமும் பதில் இல்லை.

இன்னொரு வேடிக்கை. கும்பினி காலத்தில் பட்டணத்து வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்க வந்த ஊர் எது தெரியுமோ? எங்கள் எண்ணூர்தான். தோட்ட பங்களா, கழிமுகத்தில் படகு, மீன் விருந்து என்று இருந்திருக்கிறார்கள்.

2023 டிசம்பரில் புயல் மழை வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் ஆற்றில் கலந்தது. எர்ணாவூரில் வீடுகளுக்குள்ளேயே கறுப்பாகப் படிந்தது. அந்த மாதக் கடைசியில் ஒரு நள்ளிரவில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு தெருவுக்கு ஓடி வந்தார்கள். எங்கள் வீட்டில் மாமியாருக்கு இருமல் நிற்கவே இல்லை. ஒரு நாள் சாப்பிடும்போது, "சாகறதுக்குள்ளே ஒரு தடவை மணல்லே காலை வச்சு உட்காரணும்" என்றார். இவர் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெரினாவுக்குக் கூட்டிப் போகலாம் என்றால் கூட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகளை விசாரித்தோம். ஓர் இரவுக்குக் கேட்ட வாடகையில் எங்களுக்கு ஒரு மாத மளிகை வந்துவிடும். வேளாங்கண்ணியில் அறைக்குப் பஞ்சமில்லை, ஆனால் அமைதி கிடைக்காது. கடைசியில் தரங்கம்பாடி என்று முடிவாயிற்று. மாசி மாதம், வாரநாளாகப் பார்த்துக் கிளம்பினோம். மயிலாடுதுறை வரை ரயில், பிறகு பஸ். அரிசி, பருப்பு, சாம்பார்ப் பொடி, சின்ன குக்கர் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டேன்.

இங்கேதான் நான் ஏமாந்தேன். வீட்டுக்காரர் போனில் "கடல் ரெண்டு எட்டுதாங்க" என்றிருந்தார். போய்ப் பார்த்தால் பத்து நிமிஷ நடை! மாமியாருக்கோ முழங்கால் வலி. கழிவறை வேறு பழைய மாதிரி. கிணற்றுத் தண்ணீர் உப்பு. சிநேகிதிகளே, வாடகை வீடு பேசும்போது அழகான படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். வயதானவர்கள் நடந்தால் கடலுக்கு எத்தனை நிமிஷம், குடிக்க என்ன தண்ணீர், சிலிண்டரில் காஸ் இருக்கிறதா, குளியலறையில் பிடித்துக்கொள்ள ஏதாவது உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அதற்கப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். நாங்கள் மறுநாளே வேறு வீடு பார்த்து மாறினோம். ஓட்டு வீடு, கீழேயே அறை. திண்ணையில் உட்கார்ந்தால் அலைச் சத்தம் கேட்டது. அந்த வீட்டம்மா தினம் காலையில் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டை கரையிலேயே நிற்கிறது. 1845-ல் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் கோட்டையைச் சுற்றினார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஆசையில்லை. மாமியாரை இறக்கமில்லாத இடமாகப் பார்த்து உட்கார வைத்தேன். செருப்பைக் கழற்றிக் காலை மணலுக்குள் நுழைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் பேசவே இல்லை. இருமினாரா என்று நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு தடவைதான் இருமினார்.

மூன்றாம் நாள் மாசிலாமணிநாதர் கோவிலுக்குப் போனோம். 1306-ல் கட்டியது, பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கோவிலுக்கு முன்னால் கருங்கல் கொட்டியிருந்தார்கள். எங்கள் ஊர்க் கல் மாதிரியே இருந்தது. மாமியார் கும்பிட்ட கையை இறக்காமல், "இங்கேயும் வந்துட்டுதா?" என்றார்.

திரும்பி வரும்போது ரயிலில் தூங்கவில்லை. "அந்த வீட்டம்மாகிட்ட அடுத்த மாசிக்கும் சொல்லி வச்சியா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"சொல்லிட்டேன் அத்தை. அதே கீழறை."

"நாலு நாள் போதாது. ஏழு நாளா சொல்லிடு" என்றார்.