கிளுவை வேலி

பழனியை அடுத்த பாலசமுத்திரத்துத் தோட்டங்களின் ஓரத்தில் கிளுவை வேலி இருந்தது. கோடையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் முள்ளாக நிற்கும். முதல் மழை விழுந்தால் பச்சை கட்டிவிடும். போத்தை வெட்டி நட்டால் போதும், வேர் பிடித்துக்கொள்ளும். அதில் கோவைக்கொடி படரும், பிரண்டை ஏறும். ரசத்துக்கு முடக்கத்தான் வேண்டுமென்றால் அப்பத்தா வேலிக்குத்தான் போவார். தவிட்டுக்குருவிகள் உள்ளே கத்திக்கொண்டே இருக்கும்.

அப்பத்தாவின் கொல்லையில் தண்ணீருக்கு ஒரு வழி இருந்தது. பாத்திரம் கழுவியது வாழைக்கு, அரிசி களைந்தது கறிவேப்பிலைக்கு. சருகைக் கூட்டி எருக்குழியில்தான் போட வேண்டும். யாராவது தீ வைக்கப் போனால், "மண்ணு காஞ்சு போயிரும் சாமி, வேண்டாம்" என்பார். அந்த மண்ணைக் கையில் அள்ளினால் கறுப்பாக, பொலபொலவென்று உதிரும். பக்கத்துப் பொருந்தலில் 2009, 2010இல் பேராசிரியர் கா. ராஜன் தோண்டியபோது, ஈமக்குழிக்குள் ஒரு சாடியில் நெல் கிடைத்தது. காலக்கணிப்பில் அது கி.மு. 5ஆம் நூற்றாண்டு என்று வந்தது. அவ்வளவு காலமாக மனிதர்கள் பேணி வந்த மலையடிவாரம் இது.

கொல்லையில் நின்றால் தெற்கே மலை. அங்கே பெய்வதுதான் பாலாறு பொருந்தலாறு அணைக்கு வந்து சேர்கிறது. மேலே புல்வெளியும் சோலையும் மழையைப் பிடித்துவைத்து, மெல்ல மெல்லக் கீழே விடும். அந்தப் புல்வெளியில்தான் தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரத்தையும், கூடவே யூகலிப்டஸையும் பைனையும் நட்டார்கள். 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலையின் உயர்நிலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2018இல் சொன்னது. படித்த அன்று எனக்கு மனம் ஆறவில்லை.

சீகையையாவது தொழிலுக்காக நட்டார்கள். உண்ணிச்செடி வெறும் அழகுக்காகத் தோட்டத்துக்கு வந்தது. அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொத்துக்கொத்தாகப் பல நிறத்தில் பூக்கும் என்று வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தார்கள். பழத்தைப் பறவைகள் தின்று விதையைக் காடெங்கும் போட்டன. மாடு கடிக்காது, கடித்தால் நஞ்சு. இன்று மலையடிவாரம் முழுக்க அதுதான். பூச்செடி வாங்கப் போகும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும். ஒரு வீட்டுத் தோட்டம் அந்த வீட்டோடு நிற்பதில்லை.

மலைமேல் வட்டக்கானலில் பாப் ஸ்டுவர்ட், தான்யா பால்கர் என்ற இருவர் பல ஆண்டுகள் சோலை மரக்கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்தார்கள். அயல்மரத் தோப்பின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தாமாக முளைப்பதைப் பார்த்து, எல்லா இடத்திலும் ஒரேயடியாக வெட்டித் தள்ளாதீர்கள் என்று வாதாடினார்கள். எதை வெட்டுவது, எதை விடுவது என்று முதலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்பத்தாவும் களை பறிக்கும்போது குப்பைமேனியையும் கீழாநெல்லியையும் விட்டுவிட்டுத்தான் பறிப்பார்.

இப்போது எங்கள் பக்கத்துப் புது வீடுகளில் வாசல் முதல் கொல்லை வரை சிமென்ட். எங்காவது மண் மிஞ்சினால் கொரியன் புல். சித்திரை வெயிலில் அதற்குத் தினமும் போர் தண்ணீர். நடைபாதைக் கல் இடுக்கில் முளைப்பதற்குக் களைக்கொல்லி. கிளைபோசேட்டைப் பூச்சி ஒழிப்புத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே அடிக்கலாம் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆணையிட்டது பலருக்குத் தெரியாது. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003இலேயே கட்டாயமானது; அந்தக் குழிகளில் எத்தனை இன்று மண் மூடிக் கிடக்கின்றன! பெய்கிற மழை தெருவோடு ஓட, அதே தெருவில் கோடையில் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறோம்.

கிளுவை இருந்த இடத்தில் இப்போது ஹாலோ பிளாக் சுவர். தவிட்டுக்குருவிக்கு அதில் வேலையில்லை.

வீடு கட்டுகிறவர்களே, கொல்லையில் கொஞ்சம் மண்ணைத் திறந்து விடுங்கள். குளியலறைத் தண்ணீரை வாழைக்குத் திருப்புங்கள், சருகை எரிக்காதீர்கள், மழைநீர்க் குழியை ஐப்பசிக்கு முன்பே தூர்வாருங்கள். பெயர் தெரியாத அயல்செடியை அழகுக்காக வாங்காதீர்கள். சுவர் கட்டியே ஆக வேண்டுமென்றால் கட்டுங்கள். அதன் ஓரமாக நான்கு கிளுவைப் போத்துகளை ஊன்றி வையுங்கள்.